பழைய படம் தேடும்போது எங்கே சிக்குகிறது: சிக்கல் வாரியாகச் சில வழிகள்

புத்தக அட்டைக்கு ஒரு பழைய மதுரைப் படம் வேண்டும், யூடியூபில் போட நூறு வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ் வேண்டும், விக்கிப்பீடியா கட்டுரைக்கு ஓர் ஓவியம் வேண்டும். பணம் கொடுத்து வாங்க வசதியில்லை, யாருடைய உரிமையிலும் கைவைக்க மனமில்லை. அப்படித் தேடுகிறவர்களுக்கானது இது. நம்மூரின் 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் பெரும்பகுதி லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், லைடன், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றில் ஏராளமானவை பதிப்புரிமை முடிந்து பப்ளிக் டொமைனில் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும் வழியில்தான் சிக்கல்.

முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் சிக்கல் எதுவோ அங்கே போய்விடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். "இது ஃப்ரீயா?" என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேர முடியாது. யார் எடுத்தது அல்லது வரைந்தது, எந்த ஆண்டு, முதலில் எங்கே வெளியானது, இப்போது எந்த நூலகத்தில் என்ன எண்ணில் இருக்கிறது என்று இந்த நான்கையும் பிடித்துவிட்டால் உரிமைக் கேள்விக்குப் பெரும்பாலும் தானே பதில் வந்துவிடும்.

தேடினால் எதுவுமே வரவில்லை

பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் காரணம். படத்தின் அடியில் அன்றைக்கு ஒருவர் என்ன எழுதினாரோ, அதுவே பட்டியலிலும் ஏறியிருக்கும். தஞ்சாவூர் அங்கே 'டாஞ்சோர்', திருச்சி 'டிரிச்சினோபொலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி', காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', ஸ்ரீரங்கம் 'செரிங்கம்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்', தரங்கம்பாடி 'ட்ராங்க்விபார்'. மாமல்லபுரம் பல இடங்களில் 'செவன் பகோடாஸ்' என்றே இருக்கும். இந்தப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

பொருளின் பெயரும் அப்படித்தான். கோயிலுக்கு 'டெம்பிள்' என்று போட்டால் பாதி நழுவிவிடும். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்குத் தென்னிந்தியக் கோயில் எல்லாமே 'பகோடா'. குளம் 'டேங்க்'. சத்திரமும் மண்டபமும் 'சௌல்ட்ரி'. மதுரை புதுமண்டபத்தை அந்தப் பெயரில் தேடி எதுவும் கிடைக்காமல் அலுத்துப்போனவர்கள், 'டிரிமுல் நாயக்' என்ற பெயரோடு 'சௌல்ட்ரி' சேர்த்துத் தேடிப் பாருங்கள். திருமலை நாயக்கர்தான் அப்படி ஆகியிருக்கிறார்.

மதுரைக்கு இன்னொரு தலைவலி உண்டு. பழைய எழுத்துக்கூட்டல் 'மதுரா'. டச்சு அருங்காட்சியகங்களில் அதைப் போட்டால் ஜாவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரா தீவின் படங்கள் கொட்டும், மாட்டுப் பந்தயம் உட்பட. 'இந்தியா' என்று சேர்த்தாலும் முழுசாகத் தீராது, ஏனென்றால் டச்சுக்காரர்களுக்கு இந்தோனேசியாவே 'இண்டீஸ்'. 'மதுரா'வோடு 'பகோடா' சேருங்கள், அல்லது படம் எடுத்தவர் பெயரைச் சேருங்கள்.

எடுத்தவர் பெயரில் தேடுவது என் கணக்கில் இருப்பதிலேயே நல்ல வழி. லின்னேயஸ் டிரைப் (1822–1902) மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சை, திருச்சி எல்லாம் சுற்றி எடுத்த படங்கள் 1858ல் ஆல்பங்களாக வந்தன. அவற்றில் ஒன்றின் தலைப்பில் தஞ்சாவூரோடு 'டிரிவாடி' என்று ஓர் ஊர் வரும். அது திருவையாறு! ஊரை வைத்துத் தேடியிருந்தால் யாருக்கும் இது தோன்றாது. டிரைப்புக்கு அடுத்து எட்மண்ட் லயன், சாமுவேல் போர்ன், மெட்ராஸ் ஸ்டூடியோக்களான நிக்கலஸ் கம்பெனி, வீல் அண்ட் கிளைன். இலங்கைக்கு ஸ்கீன், பிளாட்டே. ஓவியம் என்றால் 1792–93ல் தெற்கே வந்துபோன தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்.

மொழியையும் மாற்றிப் பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால் வேண்டுமென்றால் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க்கிடம் இருந்தது, எனவே டேனிஷ் ஆவணக்காப்பகங்களில் அவர்களுடைய எழுத்துக்கூட்டலில் 'டிராங்கெபார்' என்று போட வேண்டும்.

அப்புறம் வடிகட்டி. தளத்தில் நுழைந்தவுடனே 'பப்ளிக் டொமைன் மட்டும்' என்ற பெட்டியை டிக் செய்துவிடுகிறோம். உரிமை நிலை இன்னும் குறிக்கப்படாத படங்கள் அத்தனையும் அதோடு மறைந்துபோகும். முதலில் வடிகட்டி இல்லாமல் தேடுங்கள், உரிமையைப் பிறகு பார்க்கலாம். ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்களின் படங்களை ஒரே இடத்தில் காட்டும் யூரோப்பியானா போன்ற திரட்டுத் தளங்களில் வராத படம், அது இருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தேடலில் வருவதும் உண்டு.

தமிழ் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான 'நூலகம்' என்ற தளம் இரண்டிலும் தேடுவது வேறு மாதிரி. அங்கே பட்டியலில் இருப்பது புத்தகமும் இதழும். உள்ளே இருக்கும் படங்களுக்குத் தனித்தனியாகப் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். எந்த நூலில் படம் இருக்கும் என்று யூகித்து, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

படம் பின்ட்ரஸ்ட்டில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை

படத்தை வைத்தே தேடும் கருவிகளான கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் போட்டுப் பாருங்கள். டின்ஐயில் 'மிகப் பெரியது', 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தலாம். பெரியதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் பெரிய கோப்பு பெரும்பாலும் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நூலகத் தளம், அருங்காட்சியகம், ஏல நிறுவனம், இந்த மூன்றில் ஒன்று வரும்வரை தோண்டுங்கள். ஃபேஸ்புக் பக்கம் எத்தனை ஆயிரம் லைக் வாங்கியிருந்தாலும் மூலம் ஆகாது.

படத்தையே உற்றுப் பார்ப்பதும் பலன் தரும். பழைய ஸ்டூடியோக்கள் நெகட்டிவிலேயே எண்ணும் தலைப்பும் கீறி வைப்பார்கள். அச்சில் கீழ் மூலையில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். பகிர்கிறவர்கள் அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாத பிரதி கிடைத்தால் அந்த எண்ணையும் ஸ்டூடியோ பெயரையும் சேர்த்துத் தேடலாம்.

பட விற்பனை நிறுவனத்தின் நீர்முத்திரை இருந்தால் பயந்து விலக வேண்டாம், அந்தப் பிரதியை எடுக்கவும் வேண்டாம். பப்ளிக் டொமைன் படத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம். அதே படம் நூலகத்தில் இலவசமாக இருக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் தன் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரசுக்குக் கொடுத்து மக்கள் பயன்பாட்டுக்கு விட்டவர். அவர் எடுத்த படத்தை அவருடைய தளத்திலேயே போட்டதற்கு பட விற்பனை நிறுவனம் ஒன்றின் சார்பில் 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. 2016ல் வழக்குப் போட்டார், பெரும்பகுதி தள்ளுபடியானது. விற்கிறார்கள் என்பதற்காக உரிமை அவர்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படம் கிடைத்தது, ஆனால் தபால்தலை அளவுதான் இருக்கிறது

முதலில் எவ்வளவு பெரிது வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஐந்து அங்குல அகலப் படத்துக்கு 1500 பிக்சல் போதும். ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480க்கு 3508. திரைக்கு மட்டும் என்றால் இதில் பாதிகூடத் தேவைப்படாது.

விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்சில் கண்ணுக்குத் தெரிவது சிறிய பிரதி. 'மூலக் கோப்பு' என்ற இணைப்பைத் தொட்டால்தான் முழு அளவு வரும். லைப்ரரி ஆஃப் காங்கிரசில் பதிவிறக்கப் பட்டியலைத் திறந்து, கடைசியில் இருக்கும் டிஃப் கோப்பை எடுங்கள். நூறு எம்பிக்கு மேலும் போகலாம், வைஃபை இருக்கும்போது செய்யுங்கள். அங்கேயே சில படங்களுக்குச் சிறிய பிரதி மட்டும் இருக்கும், பெரிய கோப்பு நூலக வளாகத்துக்குள் மட்டும் திறக்கும். உரிமைச் சிக்கல் இருக்கலாம் என்று நூலகமே நினைக்கும் படங்களுக்குத்தான் அப்படி. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பல அருங்காட்சியகங்களில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விடுவார்கள், பதிவிறக்கப் பொத்தான் மட்டும் இருக்காது. பின்னால் ஓடுவது பெரும்பாலும் ட்ரிபிள் ஐ எஃப் என்ற பொது முறை. படத்தைப் புதிய டேபில் திறந்து முகவரியைப் பாருங்கள். கடைசியில் சாய்கோடு போட்டு நான்கு துண்டுகள் இருக்கும்: படத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு அளவு, எத்தனை டிகிரி சுழற்சி, தரமும் கோப்பு வகையும். முதல் துண்டில் எண்கள் இருந்தால் அழித்துவிட்டு ஆங்கிலத்தில் 'ஃபுல்' என்று அடியுங்கள். இரண்டாவது துண்டில் '600,' என்பதுபோல இருக்கும். அதை 'மேக்ஸ்' ஆக்குங்கள். பழைய சர்வராக இருந்து பிழை காட்டினால் அங்கேயும் 'ஃபுல்' போடுங்கள். என்டர் தட்டினால் அந்த சர்வர் அனுமதிக்கும் அதிகபட்ச அளவு வந்து நிற்கும். படம் சின்னச் சின்ன ஓடுகளாக வரும் தளங்களுக்கு டிசூமிஃபை என்ற கருவி இருக்கிறது, ஓடுகளைச் சேர்த்து ஒரே படமாகத் தரும். கோப்பை எடுக்க முடிவது ஒன்று, பயன்படுத்த உரிமை இருப்பது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பழைய நூல்களின் ஸ்கேன்களை இலவசமாகத் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் புத்தகங்களில் வரும் குழப்பம் இன்னொரு வகை. பிடிஎஃபை இறக்கி, அதிலிருந்து படத்தை வெட்டி எடுத்து, மங்கலாக இருக்கிறதே என்று கைவிட்டுவிடுகிறார்கள். கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காக அந்த பிடிஎஃபில் படங்களை நசுக்கியிருப்பார்கள். நல்ல பிரதி வேறு இடத்தில் இருக்கிறது. பதிவிறக்கப் பகுதியில் 'ஷோ ஆல்' தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். அதில் ஜேபி2 என்று முடியும் ஒரு ஜிப். முழு ஜிப்பையும் இறக்க வேண்டாம். பக்கத்திலேயே உள்ளடக்கத்தைப் பார்க்கும் இணைப்பு இருக்கும், அதைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் ஜேபிஜியாக எடுக்கும் வசதியோடு. கோப்பு எண்ணும் பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. அட்டை, முன்னுரை எல்லாம் சேர்ந்து எண் தள்ளிப்போயிருக்கும்; முன்னே பின்னே இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள்.

படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு மட்டும் இருந்தால், அந்த ஸ்கேன் கறுப்பு அல்லது வெள்ளை என்ற இரண்டே நிறத்தில் எடுத்தது. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா வழியாக வந்த புத்தகங்களில் இது சர்வசாதாரணம். எழுத்து படிக்க நன்றாக இருக்கும், புகைப்படம் நாசமாகியிருக்கும். எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது. அதே புத்தகத்தை வேறொரு நூலகம் வண்ணத்தில் ஸ்கேன் செய்திருக்கிறதா என்று தேடுவதுதான் வழி. எட்கர் தர்ஸ்டன் 1909ல் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளைப்போல அதிகம் புழங்கிய நூல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கேன்கள் உண்டு. (அந்தப் படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் விரும்பி வந்து நின்றவர்கள் என்று சொல்ல முடியாது. உரிமை முடிந்ததாலேயே, அவரவர் சாதிப் பெயரைத் தலைப்பாகப் போட்டு மீம் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிடாது.)

அச்சான புத்தகத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைச் சின்னதாக்கினால் வலைவலையாகக் கோடு விழுகிறதா? அச்சுப் புள்ளிகள் செய்யும் வேலை அது. முழு அளவிலேயே லேசாக மங்கலாக்கி, அதற்குப் பிறகு அளவைக் குறையுங்கள், போய்விடும்.

1858ஆம் ஆண்டுப் படம், ஆனாலும் 'உரிமைகள் பாதுகாக்கப்பட்டவை' என்று போட்டிருக்கிறது

பலரைத் திருப்பி அனுப்பிவிடும் வாசகம் இது. அருங்காட்சியகம் சொல்வது பெரும்பாலும் மூலப் படத்தைப் பற்றி இருக்காது, தாங்கள் எடுத்த டிஜிட்டல் பிரதியைப் பற்றி இருக்கும். தட்டையான ஒரு பழைய படத்தை அப்படியே நகலெடுத்தால் அதில் புதிய பதிப்புரிமை பிறக்குமா? அமெரிக்காவில் 1999ல் பிரிட்ஜ்மேன்–கோரல் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் பிறக்காது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு பதிப்புரிமை உத்தரவின் 14ஆம் பிரிவில் காட்சிக் கலைக்கு அதையே சட்டமாக்கியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்பூக்கம் வேண்டும் என்றது. அந்த வழக்கு தீர்ப்புத் தொகுப்பைப் பற்றியது, படத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் வாதம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

சட்டம் இப்படி என்றாலும் தளத்தின் நிபந்தனைகள் தனி. கல்லிக்காவில் படம் பப்ளிக் டொமைன் என்று அவர்களே சொல்வார்கள், வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணமும் கேட்பார்கள். அந்த நிபந்தனையை ஏற்று இறக்கிவிட்டுப் பிறகு சண்டை போடுவதில் எனக்கு விருப்பமில்லை.

சண்டை தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. புகைப்படமும் செதுக்கோவியமும் ஒரே பிரதியாக இருந்தவை அல்ல. டிரைப்பின் மதுரை ஆல்பம் பல பிரதிகள் அச்சானது. லண்டனில் கட்டணம் கேட்கும் அதே காட்சி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலோ லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டியிலோ இருந்தால் இலவசமாகவே எடுக்கலாம். மெட் 2017ல் தன் பப்ளிக் டொமைன் படங்களை சிசி ஜீரோவில், அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று, விட்டது. கெட்டி 2013லேயே திறந்த உள்ளடக்கம் என்று ஆரம்பித்துவிட்டது. டேனியல்களின் அச்சுகளுக்கு யேல் பிரிட்டிஷ் கலை மையம். ரைக்ஸ் மியூசியம், ஸ்மித்சோனியன், கிளீவ்லாண்ட், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட், நியூயார்க் பொது நூலகம் எல்லாமே தாராளமானவை. ஒரு கதவு மூடியிருந்தால் அதே படத்தின் உடன்பிறப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எழுதிக் கெஞ்சுவதைவிட வேகமாக முடியும்.

சோழர் செப்புச்சிலைக்கு ஆயிரம் வயது, அதில் என்ன உரிமை?

சிலைக்கு இல்லை, அதன் புகைப்படத்துக்கு உண்டு. மேலே சொன்ன நகல் வாதம் தட்டையான படங்களுக்கு மட்டுமே. முப்பரிமாணப் பொருளுக்கு எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார், எனவே படம் அவருடையது. மெட், கிளீவ்லாண்ட் போன்றவை தங்கள் சிலைகளைத் தாங்களே எடுத்து சிசி ஜீரோவில் விட்ட படங்களைத் தேடுங்கள். சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்ததை அவருடைய உரிமம் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

'அறியப்பட்ட கட்டுப்பாடுகள் இல்லை' என்கிறார்களே, அப்படியென்றால் எடுக்கலாமா?

எடுக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. லைப்ரரி ஆஃப் காங்கிரசும், நூலகங்கள் தங்கள் பழைய படங்களைப் பகிர 2008ல் அவர்களோடு தொடங்கிய ஃபிளிக்கர் காமன்சும் இந்த வாசகத்தைப் பயன்படுத்துகின்றன. தேடிப் பார்த்த அளவில் உரிமையாளர் யாரும் தென்படவில்லை என்று அர்த்தம், உத்தரவாதம் இல்லை. சிசி ஜீரோ இருந்தால் கவலையே வேண்டாம். 'அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை' என்று இருந்தால் இந்தியக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். 'உரிமை தீர்மானிக்கப்படவில்லை' என்றால் அவர்கள் பார்த்தும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள்.

அமெரிக்க அரசு ஊழியர் பணிநிமித்தம் எடுத்தது என்றால் அங்கே தொடக்கத்திலிருந்தே பதிப்புரிமை கிடையாது. டோரதியா லாங்கே 1936ல் எடுத்த புகழ்பெற்ற, பிழைப்புக்காக இடம்பெயர்ந்த தாயின் படம் அந்த வகை. நாசா படங்களும் பெரும்பாலும் அப்படியே, அதன் இலச்சினை நீங்கலாக.

காலாவதி ஆகிவிட்டதா என்று கணக்குப் போட வரவில்லை

இந்தியாவில் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். முன்பு 50 ஆக இருந்தது. 1941ல் மறைந்த தாகூரின் உரிமை முடியும் நேரத்தில் 60 ஆக்கினார்கள். சினிமாவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. இலங்கையில் படைத்தவர் மறைந்து 70. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டோடு 95ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு முடிந்ததும் விடுதலை. 1929ல் வெளியானது 2025 ஜனவரி முதல் தேதி வெளியே வந்தது.

புகைப்படத்துக்குத் தனிக் கதை. 1958க்கு முன் இந்தியாவில் எடுத்தவற்றுக்குப் பழைய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்ததிலிருந்து 50 ஆண்டுதான். விக்கிமீடியா காமன்ஸ் பின்பற்றுவதும் இதையே. ஆக அவை எல்லாம் இங்கே முடிந்துவிட்டன. அதற்குப் பிந்தையவற்றுக்கு வெளியான நாளிலிருந்து 60 என்று இருந்ததை, 2012 திருத்தம் எடுத்தவரின் ஆயுளோடு 60 என்று மாற்றிவிட்டது.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. ரவிவர்மா 1906ல் மறைந்தார், அவர் ஓவியங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அவர் தொடங்கிய அச்சகம் கைமாறி, அவருக்குப் பிறகும் அதே பெயரில் படம் போட்டது. 'ரவிவர்மா பிரஸ்' என்று அடியில் இருந்தால் வரைந்தது அவர் என்று ஆகாது.

காலண்டர் சாமி படங்கள் இன்னும் சிக்கல். பார்க்கப் பழசாக இருக்கும், தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு மறைந்தது 1976ல். அப்படியென்றால் அவர் வரைந்தவை 2036 முடியும்வரை உரிமைக்குள். சீடர்களோடு சேர்ந்து கையெழுத்திட்ட படங்களும் உண்டு. கூட்டுப் படைப்புக்குக் கடைசியாக மறைந்தவரிலிருந்துதான் எண்ணிக்கை.

நாட்டுடைமை நூல்களில் வரும் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். அரசு நாட்டுடைமை ஆக்குவது எழுத்தாளரின் எழுத்தை. அதற்கு வேறொருவர் போட்ட படம் அதில் சேராது. கல்கியின் எழுத்து எல்லாருக்கும் பொது. 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது அதற்கு வரைந்த மணியம் மறைந்தது 1968ல். கணக்குப்படி அந்தச் சித்திரங்கள் 2028 டிசம்பர் 31 வரை உரிமைக்குள் இருக்கின்றன. மலிவுப் பதிப்பு போடுகிறவர்கள் கதையோடு சேர்த்து வந்தியத்தேவனையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாரதியும் அதே மாதிரி. 1921ல் மறைந்தவர், அவருடைய புகைப்படங்கள் எல்லாம் காலாவதியானவை. பள்ளிச் சுவர்களில் இருக்கும் வண்ணப் பாரதிகள் பிற்கால ஓவியர்கள் வரைந்தவை. அந்த ஓவியர் யார், எப்போது மறைந்தார் என்று பார்க்காமல் தொடாதீர்கள். புகைப்படத்தையே போடுங்கள், அதற்கு ஈடு எந்த ஓவியமும் இல்லை.

தேதியே போடவில்லை

அஞ்சலட்டை என்றால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுதும் முகவரிக்கு மட்டும் என்றால் பழையது. நடுவில் கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, ஒரு பாதி முகவரிக்கு என்று பிரித்திருந்தால் பிரிட்டனில் 1902க்கும் அமெரிக்காவில் 1907க்கும் பிந்தியது. தபால் முத்திரை இருந்தால் அந்தத் தேதிக்குள் அட்டை வெளியாகிவிட்டது என்று உறுதி, உரிமைக் கணக்குக்குப் பெரும்பாலும் அதுவே போதும். நூலகத் தளங்களில் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருக்கிறார்களா என்று அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள், பலர் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

விக்கிமீடியா காமன்சில் ஏற்றினேன், நீக்கிவிட்டார்கள்

காமன்சுக்கு இரண்டு நாட்டுக் கணக்கு வேண்டும்: படம் பிறந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் உரிமை முடிந்திருக்க வேண்டும். 1996 ஜனவரி முதல் தேதி அன்று இந்தியாவில் உரிமையோடு இருந்த படைப்புகளுக்கு அமெரிக்கா தன் சட்டத்தில் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதிலிருந்து பழைய இந்தியப் புகைப்படங்களுக்கான 50 ஆண்டைக் கழித்துப் பாருங்கள். 1946க்கு முன் எடுத்த இந்தியப் புகைப்படம் இரண்டு பக்கமும் தப்பிக்கும். 1950ல் எடுத்தது இந்தியாவில் சுதந்திரம், அமெரிக்காவில் இல்லை. சுதந்திர நாள் படங்கள் அடிக்கடி நீக்கப்படுவது இதனால்தான், யாரும் நம்மேல் கோபத்தில் இல்லை.

இன்னொரு காரணம், 'மூலம்' என்ற இடத்தில் 'இணையம்' என்று எழுதுவது. நூலகப் பக்கத்தின் முகவரி, எண், எடுத்தவர், ஆண்டு கொடுத்துவிட்டு, நீக்கியதை மீட்கக் கேளுங்கள். திருப்பித் தருவார்கள்.

ஹாத்திடிரஸ்டில் புத்தகம் பூட்டியிருக்கிறது

பல்கலைக்கழக நூலகங்கள் ஸ்கேன் செய்த புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அமெரிக்கத் தளம் இது. அமெரிக்காவில் திறந்திருக்கும் பல புத்தகங்கள் வெளிநாட்டிலிருந்து பார்த்தால் பூட்டியே தெரியும். பிற நாடுகளில் படைத்தவரின் ஆயுளை வைத்துப் போடும் உரிமைக் கணக்கை நினைத்துச் செய்கிற எச்சரிக்கை. அதே தலைப்பை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வண்ணத்தில் பளிச்சென்று இருக்கிறது, நம்பலாமா?

1880ஆம் ஆண்டு மயிலாப்பூர் பளபளவென்று வண்ணத்தில் வந்தால் நிறுத்துங்கள். ஒன்று, யாரோ சமீபத்தில் நிறம் ஏற்றியது. அந்த நிறங்கள் கற்பனை, சேர்த்தவர் தன் பங்குக்கு உரிமையும் கோரலாம். இல்லையென்றால் ஏஐ முழுசாகவே உண்டாக்கியது. கடைப் பலகையில் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எந்த மொழியாகவும் இல்லாமல் நெளிந்திருந்தால் முடிந்தது கதை. நூலக எண் சொல்ல முடியாத பழைய படத்தை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

குறித்து வைத்த இணைப்பு திறக்கவில்லை

பிரிட்டிஷ் லைப்ரரி இணைப்பாக இருந்தால், 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அவர்களுடைய தளங்கள் மாதக்கணக்கில் முடங்கின. பழைய முகவரிகள் பல செத்துப்போயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள், படம் வராவிட்டாலும் தலைப்பும் எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து மறுபடி தேடலாம். அவர்கள் 2013ல் ஃபிளிக்கரில் போட்ட பழைய புத்தகப் படங்கள், பத்து லட்சத்துக்கும் மேல், வேறு இடத்தில் இருப்பவை. அங்கே படத்துக்குத் தலைப்பு இருக்காது. புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம் மட்டுமே இருக்கும். ஆகவே 'மெட்ராஸ்' என்று தேடினால் பெயரில் மெட்ராஸ் இருக்கும் புத்தகங்களின் படங்கள்தான் வரும்.

எதிலுமே வழி பிறக்கவில்லை என்றால் நூலகருக்கு எழுதுங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரசில் இதற்கென்றே 'நூலகரைக் கேளுங்கள்' என்ற சேவை இருக்கிறது. சுருக்கமாக எழுதினால் போதும்: படத்தின் எண், நீங்கள் எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள், தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு கேள்வி. "உங்களிடம் இருக்கும் தமிழ்நாட்டுப் படங்களை எல்லாம் அனுப்புங்கள்" என்று எழுதினால் பதில் வராது. பதில் வந்தால் அந்த மின்னஞ்சலையும் நூலகப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் படம் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு, கோப்பின் பெயரிலேயே நூலகத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் பதிப்பு போடும்போது யாராவது கேட்பார்கள்.